மறு அறிவிப்பு வரும் வரை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் அறிவிக்காமல் எந்த வண்டியும் கிளம்பாது. இது விதிமுறையைப் பற்றிய பேச்சல்ல. என்ஜின் உயிர் பெறாது. அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே இது தெரிந்துபோயிற்று. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று நேரக்காப்பாளரே மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வண்டியை அறிவித்தார். ஓட்டுநர் சாவியைத் திருகினார். வண்டி இருமிவிட்டு அடங்கியது. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள், சக்கரம் அசையவில்லை. வெயில் ஏறிய பிறகு அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கரகரத்த குரலில் ஒரே தடவை சொன்னதும் நின்றிருந்த வண்டிகள் எல்லாம் ஒன்றாக உறுமின. தலைமை அலுவலகத்துக்குப் பேட்டரிக் கோளாறு என்று எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு அவள் குரலை ஒலிநாடாவில் பதிந்து வைத்தார்கள். ஒலிநாடாவுக்கும் வண்டிகள் கிளம்பின, ஆனால் அரைமனதாக. மேடு வந்தால் நின்றுவிடும். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடுப்பு எடுக்க முடியவில்லையே என்று அவள்தான் குறைப்பட்டுக்கொண்டாள்.

வீட்டிலும் அப்படித்தான். பார்க்க வந்தவர்கள் அவள் வாயால் "சரி, கிளம்புங்க" என்று சொல்லாமல் கிளம்ப முடியாது. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு காலையில் ஏதோ கேட்டுப்போக வந்தார். அவள் அவசரத்தில் சொல்ல மறந்து வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். எழுந்து நிற்க முடிகிறது, வாசல்வரை நடக்க முடிகிறது, செருப்புக்குள் மட்டும் கால் நுழையமாட்டேன் என்கிறது என்று விளக்கினார். அன்றைக்கு அக்கா போட்ட சத்தத்தில் தெருவே வேடிக்கை பார்த்தது. "என் புருஷனை என்ன, டிப்போல நிக்கிற வண்டின்னு நெனச்சியாடி?" என்றாள். அக்காவுக்கு வாய் அப்படி, மனசு வேறு.

அவள் புறப்பாட்டை மட்டுமே அறிவிப்பாள். வருகையை அறிவிக்கிற வழக்கம் எங்கள் நிலையத்தில் இருந்ததில்லை. வந்த வண்டிதான் கண்ணுக்குத் தெரிகிறதே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்பது நேரக்காப்பாளரின் கட்சி. அந்தக் காலத்தில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் ஒரு மதிய வண்டியை அறிவித்து அனுப்பினாள். மலைப்பக்கம் போகிற வண்டி. அது போய்ச் சேரவில்லை. பள்ளத்தில் விழுந்த தடம் இல்லை, ஆற்றில் எண்ணெய் மிதக்கவில்லை, ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடைக்கவில்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடிக்காரர் வண்டி தன்னைக் கடந்து போனதாகச் சொன்னார். அடுத்த சாவடிக்காரர் வரவே இல்லை என்றார். நடுவில் இருந்தது நேரான சாலை. பயணிகளின் வீட்டார் நிலையத்தில் வந்து நின்றார்கள். வாரங்கள் மாதங்களாயின. நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி அறிவிப்பாளர், வேலை முடிந்ததும் அறிவிப்புக் கூண்டைப் பூட்டிவிட்டு மலைப்பக்க வண்டிக்கான நடைமேடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வாள். இன்னொருவன் பணிமனையில் இருக்கைகளுக்கு மெத்தை தைக்கிறவன். அந்த வண்டிதான் அவன் தனியாகத் தைத்த முதல் வண்டி. பின்னால் ஒரு வரிசையில் தையல் கோணலாகப் போய்விட்டிருந்தது. வண்டி திரும்பியதும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். "எனக்குச் சொந்தக்காரங்க யாரும் அதுல போகலைங்க. ஒரு வரிசை கோணலாயிருச்சு, அதான்" என்று அவளிடம் சொன்னான். அவள் அந்த வண்டி காணாமல் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

குழந்தை உண்டாக ஏழெட்டு வருஷமாயிற்று. உண்டான பிறகு அது வயிற்றுக்குள்ளிருந்தே நிலையத்தில் வேலை பழகிக்கொண்டது. காலை வண்டிகளுக்கு மெதுவாக உதைத்தது, விரைவு வண்டிகளுக்கு உருண்டு படுத்தது, மலைப்பக்க வண்டியை அறிவிக்கும்போது மட்டும் அசையாமல் கேட்டது. தைக்கிறவன் கூண்டு நாற்காலியின் மெத்தையைப் பிரித்து, அவள் முதுகுக்குத் தோதாகப் புதுப் பஞ்சு வைத்துக் கொடுத்தான். மைக் இடது பக்கம் இருந்ததால் அவள் எப்போதும் அந்தப் பக்கம் சாய்ந்தே உட்காருவாள். அங்கே கொஞ்சம் கெட்டியாக வைத்தான். கடைசி மாதம்வரை அவள் வேலைக்குப் போனாள்.

தவறு அந்தக் கடைசி மாதத்தில் நடந்தது. பெருமழையில் பாலம் ஒன்று இறங்கிவிட்டது. வண்டிகள் நகர இடமில்லாமல் நிலையத்துக்குள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் நாளெல்லாம் ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: மறு அறிவிப்பு வரும் வரை பயணிகள் காத்திருக்கவும். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் இடுப்பை ஒரு வலி பிடித்தது. பிறகு இன்னொன்று. வெளியே சனம் கத்திக்கொண்டிருந்தது, நேரக்காப்பாளர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் மைக்கை அணைக்காமலே வயிற்றில் கைவைத்து, அதே குரலில் சொன்னாள்: "உள்ளே இருக்கும் பயணியின் கனிவான கவனத்திற்கு. அம்மாவுக்கு இன்னும் வேலை முடியவில்லை. மறு அறிவிப்பு வரும் வரை இருந்த இடத்திலேயே காத்திருக்கவும்." ஒலிபெருக்கி அதை நிலையம் முழுக்கச் சொல்லிற்று. கோபத்தில் இருந்த கூட்டம் அப்படியே சிரித்துவிட்டது, யாரோ கைதட்டினார்கள். வலி நின்றுபோயிற்று. பாலத்தைச் சரிசெய்தார்கள், வண்டிகளுக்கு மறு அறிவிப்புக் கொடுத்தாள், தான் இன்னொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துபோனாள்.

டாக்டரம்மா குறித்த நாள் வந்து போயிற்று. அதற்கடுத்த வாரமும் போயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னும் ஆகலியா?" என்று கேட்டுக் கேட்டு, அவள் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். அக்கா மட்டும் தினமும் வந்து, "வாடகை இல்லாத வீடு, சாப்பாடும் உள்ளேயே வந்துருது, நானா இருந்தாலும் காலி பண்ணமாட்டேன்" என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். இனிமேல் காத்திருப்பது குழந்தைக்கு நல்லதில்லை, மருந்து கொடுத்து வலியை வரவழைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அவளும் தைக்கிறவனும் அக்காவுமாக மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வலி தானாக வராது, வரவழைப்பார்கள் என்பதை அவள் விருந்தாளியை அழைப்பதுபோல ஏதோ மரியாதையான காரியம் என்று நினைத்திருந்தாள். பின்பக்கம் திறந்துகிடக்கும் அங்கியைக் கொடுத்து மாற்றச் சொன்னபோதே அந்த மரியாதை போய்விட்டது. முதல்நாள் கருப்பை வாய் இளகுவதற்கு மருந்து வைத்தார்கள். நடக்கச் சொன்னார்கள். சுவரோரமாக, ஒரு கை கம்பியிலும் ஒரு கை தைக்கிறவன் தோளிலுமாக நடந்தாள். மறுநாள் காலையில் கையில் ஊசி ஏற்றி டிரிப் போட்டார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட்டுகளைக் கட்டினார்கள். ஒன்று வலியைக் காகிதத்தில் மலைகளாக வரைந்தது, இன்னொன்று குழந்தையின் இதயத்துடிப்பை அறை முழுக்கக் கேட்கச் செய்தது. தைக்கிறவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பணிமனையில் வளர்ந்த காது அவனுக்கு. "இது ஓடுற சத்தம் இல்ல. நியூட்ரல்ல போட்டுட்டு நிக்கிற சத்தம்" என்றான். நர்ஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிரிப்பின் வேகத்தைக் கூட்டினாள்.

வலி வந்தது. அதைப் பற்றி அவள் பின்னால் எத்தனையோ தடவை சொல்லப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறாள். தூரத்தில் ஒரு கனரக வண்டி வருவது தரையில் அதிர்வாக முதலில் தெரியுமே, அப்படித் தொடங்கும் என்பாள். முதுகில் ஆரம்பித்து இடுப்பைச் சுற்றி வந்து முன்னால் கட்டிப்போட்டு முறுக்கும். அந்த நேரத்தில் யார் தொட்டாலும் எரிச்சல், தொடாவிட்டால் அதைவிட எரிச்சல். தைக்கிறவன் ரெக்சினை இழுத்துப் பிடித்துப் பழகிய கட்டைவிரல்களால் அவள் முதுகெலும்பின் அடியில் அழுத்தினான். அது ஒன்றுதான் உதவியது. விரல் வழுக்கியபோது அவள் திட்டிய வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை. அக்காகூட, "அடியே, இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட? நம்ம வீட்டுல யாரும் பேசமாட்டாங்களே" என்று கேட்டாள். "டிரைவருங்ககிட்ட" என்றாள் அவள், அடுத்த வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்க்கும்போதெல்லாம் முன்பு இருந்த அளவே இருந்தது. பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள், வெதுவெதுப்பாகத் தண்ணீர் போயிற்று, குழந்தை இறங்கவில்லை. வலி ஒவ்வொன்றும் உச்சிவரை ஏறிவந்து, சிவப்பு விளக்கைப் பார்த்ததுபோல நின்று, திரும்பிப் போயிற்று. மதியத்துக்கு மேல் டிரிப்பில் மருந்துத் துளி விழாமல் நுனியிலேயே தொங்கத் தொடங்கியது. நர்ஸ் குழாயைச் சுண்டினாள், பாட்டிலை மாற்றினாள், ஸ்டாண்டை உயர்த்தினாள். துளி கண்ணாடிமணிபோல நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நேரக்காப்பாளர் பிளாஸ்க்கில் தேநீரோடு வந்தார். ஒலிநாடாவில் வண்டிகள் படுத்தும் பாட்டைச் சொல்லி அழத்தான் வந்திருந்தார். கதவருகே நின்று தொங்குகிற துளியைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்குப் பாலம் இறங்கினப்ப மைக்ல ஒண்ணு சொன்னியே. உள்ள இருக்கிற பயணிக்கு. அதை ரத்து பண்ணினியா இல்லியா?"

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடிப்பாவி. என் புருஷனை உட்கார வெச்ச மாதிரி பெத்த புள்ளையையும் உட்கார வெச்சிருக்கியேடி!"

டாக்டரம்மா படித்தவர், அதனால் அவருக்கு விளக்கிச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும், "சரி, அப்ப சொல்லிடும்மா, அதுக்கென்ன?" என்றார். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மாட்டேன் என்றாள்.

இதயத்துடிப்பு முதல்முறையாகத் தடுமாறியது அப்போதுதான். ஒரு வலி ஏறியபோது சத்தம் இறங்கி, மெதுவாகி, பிறகு திரும்ப எடுத்தது. அடுத்த வலியிலும் அப்படியே. டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. இனிமேல் யோசிக்க நேரமில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் அறுத்து எடுத்துவிடலாம் என்றார். அவளைத் தூக்கித் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். இரண்டு ஆயாக்கள் தள்ளினார்கள். தள்ளுவண்டி நகரவில்லை. தைக்கிறவன் சேர்ந்து தள்ளினான், நேரக்காப்பாளர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளினார். சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள். அறிவிக்காத வண்டி, அது எப்படிப் போகும்.

தைக்கிறவன் மற்றவர்களைச் சற்று விலகச் சொல்லிவிட்டு அவள் காதருகே குனிந்தான். என்ன பயம் என்று கேட்டான். வலிக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவள் சொன்னாள்.

"எல்லாரையும் அனுப்பிவைக்கிறதுதாங்க என் பொழப்பு. நான் புறப்படச் சொன்ன அந்த வண்டி எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்காவது தெரியுமா? அதுலயும் ஒருத்தி கைக்குழந்தையோட ஏறினா. நான் பார்த்தேன். இதையும் புறப்படுதுன்னு சொல்லி, இதுவும் எங்கயும் போய்ச் சேரலைன்னா? உள்ள இருக்கிற வரைக்கும் இருக்கிற இடமாச்சும் தெரியுது."

பேசத் தெரிந்தவன் அல்ல அவன். துடிப்பு மறுபடி இறங்குவது கேட்டது. அவள் தலைமுடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிவிட்டுச் சொன்னான்:

"அப்ப புறப்படுதுன்னு சொல்லாத. வருதுன்னு சொல்லு."

"வர்றதை நாம அறிவிக்கிறதே இல்லையே."

"அதான். ஒரு தடவை அறிவிச்சுப் பாரேன். நாம இங்கதானே இருக்கோம். இங்கதான் வரப்போவுது."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு நேரக்காப்பாளரைப் பார்த்தாள், மேலதிகாரி என்ற முறையில். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் மேல எழுதமாட்டேம்மா, சொல்லு" என்றார். அடுத்த வலி தரையை அதிரவைத்துக்கொண்டு வந்தது. அவள் இடது பக்கமாகச் சாய்ந்தாள். அங்கே மைக் இல்லை, ஆனாலும் சாய்ந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீண்ட நாட்களாகத் தாமதமாகியிருந்த வண்டி இப்போது வந்துகொண்டிருக்கிறது. காத்திருப்போர் அனைவரும் வழிவிட்டு நிற்கவும்."

பாதியில் குரல் உடைந்து கத்தலாகிவிட்டது. ஆனாலும் வாசகத்தை முடித்தாள். தொங்கிக்கொண்டிருந்த துளி விழுந்தது. தள்ளுவண்டி யாரும் தொடாமல் ஓரடி உருண்டு கட்டிலில் இடித்து நின்றது. டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு பார்த்து, "முழுசாத் திறந்துடுச்சு. தியேட்டர் எல்லாம் வேணாம், முக்கும்மா" என்றார். அதற்கப்புறம் நடந்ததில் மாயம் ஒன்றுமில்லை. எல்லாம் அவள் உழைப்பு. தாடையை நெஞ்சில் பதித்து, முழங்கால்களைக் கையால் இழுத்துப் பிடித்து, முகம் கருத்துப்போகும்வரை முக்கினாள். முடியவில்லை என்றாள், முடியவே முடியவில்லை என்றாள், முக்கினாள். நெருப்பு வளையம்போல எரிந்தது. தலை தெரிகிறது என்று நர்ஸ் சொன்னபோது தைக்கிறவன் தன் இரண்டு கைகளையும், கிழிசலைச் சேர்த்துப் பிடிக்கப்போகிறவன்போல நீட்டிக்கொண்டு நின்றான். ஏன் நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தலை வந்தது, ஒரு தோள் வந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு முழுவதும் வந்தது. பெண். ஈரமும் சூடுமாக அவள் நெஞ்சின்மேல் வைத்தார்கள். குழந்தை ஒருமுறை அழுதது, பிறகு சரியான நிறுத்தத்தில்தான் இறங்கியிருக்கிறோமா என்று பார்ப்பவர்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அமைதியாயிற்று. அக்கா அழுதுகொண்டே, "மூக்கு நம்ம பக்கம், தப்பிச்சுது" என்றாள்.

அவளுடைய வருகை அறிவிப்பு ஆஸ்பத்திரியோடு நின்றுவிடவில்லை என்பது பிறகு தெரிந்தது. மாடிகளுக்கு நடுவே வெகுநாளாக மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்தது. எதிர்வார்டில் வாய் பேசாமல் கிடந்த பெரியவருக்குப் பேச்சு வந்து, போர்வை கேட்டார். பேருந்து நிலையத்தில் சாயங்கால வெயிலில் மலைப்பக்கச் சாலையிலிருந்து பழைய மாதிரி வண்டி ஒன்று வளைந்து உள்ளே வந்து, இப்போது கழிப்பறை கட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால் குழம்பிப்போய் நின்றது. பயணிகள் இறங்கினார்கள். மழைக்காக ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நிறுத்தியதாகவும், பாதை வழுக்கியதால் திரும்பிவிட்டதாகவும் ஓட்டுநர் சொன்னார். சாப்பாட்டுப் பொட்டலங்கள் இன்னும் சூடாக இருந்தன. கைக்குழந்தைக்காரி குழந்தைக்குப் பால் காய்ச்ச இடம் கேட்டாள். பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒருத்தி தன் தங்கையைவிட இளையவளாகிவிட்டிருந்தாள். அதை இரண்டு பேரும் நாளடைவில் பழகிக்கொண்டார்கள். தாமதத்துக்குக் காரணம் மழை என்று மேலே எழுதினார்கள். தைக்கிறவன் மறுநாள் போய்ப் பின்வரிசையைப் பார்த்தான். கோணல் அப்படியே இருந்தது. பிரிக்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் வருகையையும் அறிவிக்கிறார்கள். அவள் மைக்கின் முன்னால் இன்னும் பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். மகள் கூண்டுக்குள் தவழ்ந்தாள், மேசையடியில் பாடம் படித்தாள், பிறகு ஒருநாள் அம்மாவுக்குத் தொண்டை கட்டியபோது விளையாட்டாக மைக்கைப் பிடித்தாள். வண்டிகள் அவள் குரலுக்கும் கிளம்பின, மேடும் ஏறின. ஒரு குணம் மட்டும் அந்தப் பெண்ணிடம் மாறவே இல்லை. எங்கே போனாலும் யாராவது கூப்பிட்டால்தான் அறைக்குள் நுழைவாள். "வருதுன்னு சொன்னாத்தான் வருவா, பழைய பயணி" என்பாள் அவள் அம்மா.

அறிவிப்பாளர் நோயில் படுத்தது குறுகிய காலம்தான். கடைசி நாளன்று வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மூச்சு நின்ற பிறகும் வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. இந்த வீட்டில் யார் சொல்லி யார் கிளம்புவது என்று தெரியவில்லை. அக்கா, தலை முழுக்க நரைத்தவளாக, மகளைப் பார்த்து, "சொல்லிடு கண்ணு, அவ போகட்டும்" என்றாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். "நான் சொல்லமாட்டேன் பெரியம்மா" என்றாள் மகள். உடம்பை எடுத்துச்செல்ல வந்த வண்டி யாரும் அறிவிக்காமலே கிளம்பிப் போயிற்று. போனது உடம்பு மட்டும்தான், அவள் கிளம்பவில்லை என்பது அதிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மகள் இப்போது கூண்டில் தனக்கென்று வேறொரு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறாள். பழைய நாற்காலி மைக்கின் பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. தைக்கிறவன் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போய் அதன் மெத்தையைப் பிரித்துப் பார்க்கிறான். யாரும் உட்காராத மெத்தை அப்படியே உப்பிக்கொண்டிருக்கும் என்பது அவன் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இது அமுங்கியிருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு வைக்கிறான், இடது பக்கம் கெட்டியாக. தைத்து முடித்துக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, மகள் அறிவிக்கும் வரை காத்திருந்து, வீட்டுக்குக் கிளம்புகிறான்.